மேஸ்திரியின் குரலும் ஒரு பழைய பிராசஸரும்

போன வாரம் நம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலிருந்து உங்களில் சிலர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தீர்கள். வந்த இடத்தில் சும்மா இருந்தீர்களா? யார் எந்த மெஷினை எவ்வளவு வேகத்துக்கு ஏற்றினோம் என்று ஒருவருக்கொருவர் பீற்றிக்கொண்டிருந்தீர்கள். "அக்கா, அரதப் பழசு சிப்பு, இப்போ புதுசு மாதிரி பறக்குது" என்று ஒருத்தன் போனில் வீடியோ வேறு காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நேரில் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். எழுதும்போது கொஞ்சம் நிதானம் இருக்கும்.

ஓவர்கிளாக் செய்வதே தப்பு என்று பாடம் எடுக்கப்போகிறேன் என்று பயப்படாதீர்கள். கம்பெனி ஒரு சிப்பை இன்ன வேகத்தில் ஓடு என்று சொல்லி அனுப்பியிருக்கும். நாம் பயாஸ் என்கிற அடிப்படை செட்டிங்குக்குள் போய், கொஞ்சம் வோல்டேஜ் கூட்டி, அதைவிட வேகமாக ஓடச் சொல்கிறோம். சிப்பு கூடுதலாகச் சூடாகும், அதைத் தணிக்க ஒரு நல்ல ஃபேன் வேண்டும். புது மெஷினுக்கு வழியில்லாதவனுக்கு அது பெரிய உபகாரம். நானும் எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். கேம் ஆடுகிற பையனின் மெஷின் நடுவில் நின்றுபோனால் அவன் நம்மை நாலு திட்டு திட்டிவிட்டு மறுபடி ஆன் செய்வான், அத்தோடு முடிந்தது. ஆனால் எல்லாருடைய மெஷினிலும் கேமா இருக்கிறது?

நான் ரிட்டையர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. தேவி என்று ஒரு பெண், பழைய கேபினெட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து கடை வாசலில் இறங்கினாள். இங்கே மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு ஃபேக்டரி ஆபீசில் வேலை. அவளுடைய அப்பா வேலுச்சாமி, கட்டட மேஸ்திரி. சொந்த ஊர் ஹனூர் பக்கம். கல்யாணமான புதிதில் மைசூருக்குப் பிழைக்க வந்தவர், இந்த ஊரில் பாதி லேஅவுட்டுகளில் அவர் கை பட்ட வீடு ஒன்றாவது இருக்கும். அவருக்குத் தொண்டையில் கேன்சர். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், வேறு வழியில்லை என்று டாக்டர்கள் சொல்லி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

இதோடு போயிருந்தால், பாவம், எழுதிக் காட்டியாவது பேசிக்கொள்வார் என்று நாமும் நினைத்திருப்போம். ஆனால் அவர் மனைவி சரசுவுக்குக் கண் தெரியாது. சர்க்கரை வியாதியில் பார்வை போய்ச் சில வருஷம் ஆகிறது. அவர் எழுதுவதை அந்த அம்மாவால் படிக்க முடியாது, கையை ஆட்டி ஜாடை காட்டினாலும் தெரியாது. தேவி காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டால், சாயங்காலம் வரை வீட்டில் அந்த இரண்டு பேர்தான். ஒருவருக்குப் பார்வை கிடையாது, இன்னொருவருக்குப் பேச்சு இருக்காது.

தேவி எங்கேயோ தேடி ஒரு இலவச புரோகிராமைக் கண்டுபிடித்திருந்தாள். ஒரு ஆள் நிறைய வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்துவைத்தால், அது அவர் குரலைக் கற்றுக்கொள்ளும். பிறகு எதை டைப் செய்தாலும் ஏறக்குறைய அதே குரலில் பேசும். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டு, அலசி, சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்ததைக் காட்டும். இவர்கள் வீட்டுப் பழைய பிராசஸர் அதற்குள் மூச்சு வாங்கிவிடும். மேஸ்திரிக்கோ ஒரே மூச்சில் கொஞ்ச நேரம்தான் பேச வரும். மெஷின் யோசித்து முடிப்பதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

"புதுசு வாங்கற நிலைமையில நாங்க இல்ல மேடம். இதையே ஸ்பீடா ஆக்கிக் குடுத்தா போதும்" என்றாள். அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

வேலையை மஞ்சு எடுத்துக்கொண்டான். மஞ்சு என் பக்கத்து சீட்டில் வெகுகாலம் வேலை பார்த்தவன், கன்னடக்காரன், என்னோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவான். கெட்டிக்காரன். மனசும் நல்ல மனசு. பழைய சாமான் ஷெல்ஃபிலிருந்து பெரிய ஃபேனாகத் தேடி எடுத்துப் பொருத்தினான். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான், பகல் முழுக்க டெஸ்ட் ஓட்டினான். ஒரு தடவைகூட நிற்கவில்லை. தேவியிடம் கூலி வாங்கவும் மாட்டேன் என்றுவிட்டான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம் பெஞ்சில் டெஸ்ட் ஓடுகிற எந்த கேபினெட்டுக்காவது பக்கத்து மூடி போட்டிருந்து பார்த்திருக்கிறீர்களா? கழற்றுவோம், சுவரோரம் சாய்த்து வைப்போம், மெஷின் வீட்டுக்குப் போகும்போதுதான் திரும்ப மாட்டுவோம். எல்லாக் கடையிலும் அதுதான் பழக்கம். அன்றைக்கு ஜன்னல் திறந்திருந்தது, மழை பெய்து ஓய்ந்திருந்தது, சாமுண்டி மலைப் பக்கமிருந்து நல்ல காற்று. அந்தக் காற்றில் அந்த மெஷின் தேறியது. அது போகிற வீட்டில் எப்படி இருக்கும் என்று அந்த டெஸ்ட் எதுவும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை தேவி போன் செய்தாள். "மேடம், புரோகிராம் எல்லாத்தையும் சரின்னு சொல்லிடுச்சு. ஆனா அம்மா இது அப்பா குரல் மாதிரி இல்லங்கறாங்க. திங்கக்கிழமை அப்பாவை அட்மிட் பண்ணணும்." நானும் மஞ்சுவும் அவன் ஸ்கூட்டரிலேயே போனோம்.

ஷீட் போட்ட வீடு. உள்ளே போனதுமே வெக்கை முகத்தில் அடித்தது. மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நெடுநெடுவென்று இருந்த மனுஷன் பாதியாக இளைத்திருந்தது தெரிந்தது. பக்கத்தில் சரசம்மா, கையில் ஒரு துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக. கம்ப்யூட்டர் ஸ்கிரீன் ஸ்டூலில் இருந்தது, கேபினெட்டைக் காணோம்.

"மெஷின் எங்கம்மா?" என்றேன்.

தேவி கட்டிலுக்கு அடியில் கை காட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். இரண்டு கம்பளியும் ஒரு பழைய மெத்தையும் சுற்றி, குளிர்காலத்துக் குழந்தையைப் போல அதைப் பொதிந்து வைத்திருந்தார்கள்.

"ஃபேன் சத்தம் மைக்கில விழுது மேடம். பெரிய ஃபேன்ல சத்தம் ஜாஸ்தி. அதான் மூடி வெச்சேன்."

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வேகத்தை ஏற்றினதால் சூடு. சூட்டுக்காகப் பெரிய ஃபேன். ஃபேனால் சத்தம். சத்தத்துக்காகக் கம்பளி. ஒவ்வொன்றும் நியாயம்தான். கம்பளியில் கை வைத்துப் பார்த்தேன், இஸ்திரி போட்ட துணி மாதிரி சுட்டது.

பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். சில நன்றாகவே இருந்தன. சிலதில் வார்த்தை நடுவில் ஒடிந்தது. சிலதில் குரலுக்குக் குறுக்கே யாரோ சுள்ளி முறிக்கிற மாதிரி சத்தம். ஒன்றைத் திறக்கவே முடியவில்லை. சரசம்மா துண்டை மடிப்பதை நிறுத்திவிட்டு, "பாருங்க, இவரு இப்படி விட்டு விட்டுப் பேச மாட்டாருங்க. காடே கேக்கற மாதிரி பேசற ஆளு" என்றார்.

மஞ்சுவின் முகம் செத்துவிட்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்தது. மெஷின் ஒரேயடியாக நின்றுபோயிருந்தால் தேவலை, அன்றைக்கே தெரிந்திருக்கும். இது நிற்காமல் ஓடியது. ஓடிக்கொண்டே, சூட்டில் பதிவைத் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பாழாய்ப்போன புரோகிராமும் அதே சூட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மனுஷன் இருந்த தெம்பையெல்லாம் செலவழித்துப் படித்ததில் பெரும்பகுதி வீண்.

மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார். ஏற்கெனவே குரல் கம்மிப்போய்க் காற்றுதான் பாதி வந்தது.

"ஏனுங்க, ஆபரேசன ஒரு பத்து நாள் தள்ளிப் போட்டா என்னாகுதுங்க? அதுக்குள்ள மறுபடியும் எல்லாத்தையும் படிச்சுப்போடறேன்."

தேவி சட்டென்று என்னைப் பார்த்தாள். அப்பா சொல்வதை அவளும் யோசித்திருக்கிறாள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. மஞ்சு முந்திக்கொண்டான். "அக்கா, பத்து நாள் கிடைச்சா நான் சிப்புக்கு வேற கூலர் போட்டு, இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுப்பேன். கம்பளி வேண்டாம், நீளமா வயர் இழுத்து மெஷினை வெளியில வெக்கலாம். ஏனு ஆகல்ல, ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்." தான் செய்ததைத் தானே சரிசெய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவனுக்கு. அந்த நேரத்தில் அவன் சொன்னதில் டெக்னிக்கலாக ஒரு குற்றமும் இல்லை.

இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் வரை இது ஒரு மெஷின் பிரச்சினை. இப்போது ஒரு ஆள் தன் உயிரைப் பத்து நாள் அடகு வைக்கிறேன் என்கிறார், நாங்கள் அதற்குக் கூலர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று தேவியைக் கேட்டேன்.

"தள்ளக் கூடாதுன்னாரு. இப்பவே லேட்டுன்னாரு."

"அப்போ அந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது. மேஸ்திரி, நீங்க திங்கக்கிழமை போறீங்க. குரலுக்காக ஆளை விட முடியாது. மஞ்சு, நீ ஏத்தினதெல்லாம் இறக்கு."

"எவ்வளவு இறக்கட்டும்?"

"கம்பெனி வெச்ச வேகத்துக்கும் கீழே இறக்கு."

அவன் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தான். பெஞ்சில் இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் சொன்னது இதுதான். குரலைக் கற்றுக்கொள்கிற வேலை அடுத்த மாசம் நடக்கலாம், அடுத்த வருஷம் நடக்கலாம், யாரிடமாவது கெஞ்சி நல்ல மெஷின் கிடைத்தால் அதில் நடக்கலாம். இந்த மனுஷன் பேசுவது மட்டும்தான் திங்கட்கிழமைக்குப் பிறகு கிடைக்காது. பேசுவதை அப்படியே பதிவு செய்ய எந்த ஓட்டை பிராசஸரும் போதும். வேகத்தை இறக்கினால் சூடு இல்லை. சூடு இல்லாவிட்டால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், சத்தமும் இருக்காது. கம்பளியைத் தூக்கிப் போடலாம். அலசுகிற புரோகிராமை மூடிவிட்டு வெறும் பதிவு மட்டும் ஓடட்டும், தேவியின் போனும் பக்கத்தில் இன்னொரு பதிவாக ஓடட்டும், அவர் தண்ணீர் குடிக்க நிறுத்துகிறபோதெல்லாம் காப்பி எடுத்துவிடுங்கள்.

பாக்கி இருந்தது சனியும் ஞாயிறும். அவர் தொண்டையில் இருந்த தெம்போ அதைவிடக் குறைச்சல். அந்தப் புரோகிராம் கொடுத்த வாக்கியங்களை எடுத்துப் பார்த்தேன். சட்டசபைக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை, இப்படியே போனது. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் மிச்சமிருக்கிற மூச்சில் வங்கக்கடலையா படிக்க வேண்டும்?

"சரசம்மா, நீங்க சொல்லுங்க. இவர் உங்ககிட்ட என்னென்ன பேசுவார்?"

அந்த அம்மா முதலில் வெட்கப்பட்டார். "என்ன பெரிசா பேசுவாருங்க. வேலைக்குப் போற ஆளு." அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. தண்ணி கொதிக்குது, கிட்ட வராதே. வாசல்ல யாரோ வந்திருக்காங்க, நான் பாக்கறேன். மாத்திரை இந்தா, கையை நீட்டு. தலையைச் சீவு, தேவி வர நேரம் ஆச்சு. மழை வருது. உப்பு ஜாஸ்தி. நான் இங்கதான் இருக்கேன். இதைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மாவின் குரல் இறங்கியது. "நான் எந்திரிச்சு இவரு எங்கன்னு தடவுவேனுங்க. அப்போ சொல்லுவாரு. அது ஒண்ணு இருந்தாப் போதுமுங்க."

மேஸ்திரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தேவி அப்போதுதான் அழுதாள். நான் அழவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அந்த இரண்டு நாளும் அவர் பதிவு செய்தது அந்தப் பேச்சைத்தான். ஒவ்வொரு வாக்கியத்தையும் மனைவி சொல்லிக் கொடுப்பார், கணவர் திருப்பிச் சொல்வார். சில இடத்தில் அவர் "அப்படி நான் என்னிக்குச் சொன்னேன்?" என்று சண்டைக்கு வந்தார். அதையும் பதிவிலேயே விட்டுவிடச் சொன்னேன். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் குரல் சுத்தமாக எழும்பவில்லை. மஞ்சு இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தான். போதும் என்றேன். அந்தப் போதும் என்ற வார்த்தைதான் என் சர்வீஸில் நான் சொன்னதிலேயே கஷ்டமானது. இன்னும் கொஞ்சம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கும்தான் ஆசை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிழைத்துக்கொண்டார். குரல் போனது போனதுதான். நேரடியாகப் பதிவு செய்த பேச்சுகளை மஞ்சு கீபோர்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன் என்று வைத்துக் கொடுத்தான், தட்டினதும் அப்படியே அவர் குரலில் வரும். மற்ற பேச்சுக்கு, தேவி அந்தப் பதிவுகளையும் முதலில் எடுத்ததில் நல்லதாக இருந்தவற்றையும் சேர்த்து புரோகிராமுக்குக் கொடுத்து, பல நாள் ஓடவிட்டு ஒரு குரலை உண்டாக்கினாள். சுமாரான குரல்தான். கரகரப்பு இருக்கும், சில எழுத்து வழுக்கும். அந்தப் பழைய மெஷின் அதற்கும் சாவகாசமாகத்தான் வேலை செய்தது. அவர் டைப் செய்து முடித்து, நாம் ஒரு பெருமூச்சு விட்டு, அப்புறமும் கொஞ்சம் காத்திருந்தால் பேசும்.

ஆபரேஷன் முடிந்து சில மாசம் கழித்து நானும் மஞ்சுவும் அவர்களைப் பார்க்கப் போனோம். மஞ்சுவுக்கு மனசில் அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. "அக்கா, இப்போ பதிவெல்லாம் மூணு இடத்துல காப்பி இருக்கு. மெஷின் போனாலும் ஒண்ணும் போகாது. இப்போ வேகத்தை ஏத்திக் குடுக்கலாம் இல்ல? பேச்சு டக்குன்னு வரும்." யோசித்துப் பார்த்தேன். சரிதான். இந்தத் தடவை பக்கத்து மூடியைப் போட்டு, அந்த வீட்டிலேயே வைத்து டெஸ்ட் செய்வதாகவும் சொன்னான். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனாலும் வீட்டுக்காரர்களைக் கேட்காமல் செய்யாதே என்றேன்.

அவன் விவரத்தைச் சொன்னான். சரசம்மாதான் பதில் சொன்னார்.

"வேண்டாமுங்க. இவரு தட்டற சத்தம் எனக்குக் கேக்குது. ஏதோ சொல்ல வாராருன்னு தெரிஞ்சுபோகும். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. என்ன சொல்லப்போறாருன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். முன்னெல்லாம் இவரு பேச வாயெடுத்தா நான் நூறு வேலை பாத்துக்கிட்டேதான் கேட்டிருக்கேன். ஒரு நாளும் இப்படி உக்காந்து கேட்டதில்லைங்க."

மேஸ்திரி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீபோர்டை மடியில் இழுத்து வைத்து, ஒற்றை விரலால் தட்டினார். தட்டி முடித்துக் கையை எடுத்தார். மெஷின் தன் போக்கில் யோசித்துக்கொண்டிருந்தது. மஞ்சுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, காலை ஆட்டிக்கொண்டிருந்தான். சரசம்மா அந்தத் திசையில் முகத்தைத் திருப்பி, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அந்தக் கரகரத்த குரல் வந்தது.

"சரி, இருக்கட்டும்."

சரசம்மா சிரித்துவிட்டார். "இதச் சொல்லறதுக்கா இத்தன நேரம்?"

மஞ்சு ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.